நுண்துளைத் திரைக்குள் இலத்திரனைத் தள்ளுவது எது?

கேள்வி கேட்ட தம்பி வடமராட்சியில் உயர்தரம் படிப்பவர். செவ்வரத்தைச் சாற்றையும் தைத்தேனியம் ஈரொட்சைட்டையும் கொண்டு ஒரு சாயச் சூரியக் கலம் செய்திருக்கிறார். அந்த ஒட்சைட்டின் வெண்பசையைக் கண்ணாடியில் ஒருமுறை பூசியபோது கிடைத்த மின்னோட்டம், அதன்மேல் மீண்டும் மீண்டும் பூசித் தடிப்பாக்கியதும் குறைந்துவிட்டது. “சிலிக்கன் கலத்தில் மின்புலம் இலத்திரனைத் தள்ளுகிறது என்று படித்தோம். முழுக்கத் துளை விழுந்த இந்தத் திரைக்குள் அதைத் தள்ளுவது எது? துளைகளைக் குறைத்தால் வேகம் கூடுமா?” என்று எழுதியிருக்கிறார். பார்வைக்கு இவை இரண்டு கேள்விகள். உள்ளே இருப்பது ஒன்றுதான்: இவ்வளவு மோசமான பாதையில் புறப்படும் இலத்திரன் கரை சேர்வது எப்படி, சேராமற் போவது எப்போது?

முதலில் நேரடிப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அதைத் தள்ளுவது எதுவும் இல்லை. அது அலைந்து திரிந்துதான் கரை சேர்கிறது. அந்த அலைச்சல் மிக மெதுவானது. ஆனாலும் கலம் வேலை செய்கிறது. ஏனென்றால் இலத்திரனைப் பறித்துக்கொள்ளக் காத்திருக்கும் எதிர்த்தாக்கம் அதைவிடவும் மெதுவானது. இத்தகைய திரைகளைச் செய்வதிலும் அவற்றினூடாக இலத்திரன் கடக்கும் நேரத்தை அளப்பதிலும் நான் பல ஆண்டுகள் செலவிட்டிருக்கிறேன். அணுநிலைக் கணிப்பு என் துறை அன்று. அந்தப் பகுதிக்கு வரும்போது பிறர் கண்டதைத்தான் சொல்வேன்.

கலத்தின் வேலை சுருக்கமாக இது: சாயம் ஒளியை உறிஞ்சி இலத்திரனை ஒட்சைட்டுத் திரைக்குள் ஒப்படைக்கிறது; துளைகளை நிரப்பும் மின்பகுபொருளிலுள்ள அயடைட்டு, சாயம் இழந்ததை ஈடுசெய்கிறது; திரைக்கு அடியிலுள்ள கடத்தும் கண்ணாடிதான் இலத்திரன் சேர வேண்டிய கரை. இனித் திரையின் அமைப்பிலிருந்து தொடங்கலாம். வழவழப்பான ஒரு குறைகடத்திப் பரப்பில் சாயத்தை ஒரேயொரு மூலக்கூற்றுத் தடிப்பில் படியவைத்தால், விழும் ஒளியில் நூற்றுக்கு ஒரு பங்கைக்கூட அது உறிஞ்சாது. சாயத்தைப் பல அடுக்காக ஏற்றினாலும் பயனில்லை. ஒட்சைட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் மூலக்கூறுதான் இலத்திரனை உள்ளே ஒப்படைக்க முடியும். 1991இல் பிரையன் ஓ'ரீகனும் மிக்கேல் கிரெற்செலும் வெளியிட்ட கலம் இந்தச் சிக்கலைப் பரப்பளவால் வென்றது. ஏறத்தாழ 15 நனோமீற்றர் துணிக்கைகளை 10 மைக்குரோமீற்றர் தடிப்பான திரையாக அடுக்கினார்கள். கண்ணுக்குத் தெரியும் பரப்பைப்போல 780 மடங்கு உட்பரப்பு அதனால் கிடைத்தது. 7 சதவீதத்துக்கு மேற்பட்ட வினைத்திறனும் கிடைத்தது. அன்றைய குறைகடத்தி அறிஞர்கள் பலருக்கு இது நம்ப முடியாத செய்தி. ஒழுங்கற்ற துணிக்கைக் குவியலில் இலத்திரன் நூறு நனோமீற்றர் போவதே கடினம் என்று எதிர்பார்த்திருந்தவர்கள் அவர்கள்.

இனி மின்புலம். சிலிக்கனைப் பற்றி நீங்கள் படித்ததே பாதி உண்மைதான். வழக்கமான சிலிக்கன் தகட்டின் தடிப்பு 150 முதல் 200 மைக்குரோமீற்றர் வரை இருக்கும். உள்ளார்ந்த மின்புலம் இருப்பதோ சந்தியை ஒட்டிய, ஒரு மைக்குரோமீற்றர்கூட இல்லாத ஒடுங்கிய வலயத்தில் மட்டும். மிச்சத் தூரம் முழுவதையும் ஏற்றங்கள் அங்கேயும் பரவலால்தான், அதாவது செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு அலைந்துதான், கடக்கின்றன. நுண்துளைத் திரையில் அந்த ஒடுங்கிய வலயமும் கிடையாது. அதற்கு இரண்டு காரணங்கள். 20 நனோமீற்றர் துணிக்கை ஒன்றின் மையத்துக்கும் மேற்பரப்புக்கும் இடையில் பெரிய அழுத்த வேறுபாடு உருவாக இடம் போதாது. மாசு ஏற்றம் குறைவான தைத்தேனியத் துணிக்கையில் அது சில மில்லிவோல்ற்றைத் தாண்டாது. அறை வெப்பநிலையின் வெப்ப அசைவே சுமார் 25 மில்லி இலத்திரன் வோல்ற்று. அந்த வேறுபாட்டை அது விழுங்கிவிடும். இரண்டாவது காரணம் மின்பகுபொருள். துளைகள் எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டு, ஒவ்வொரு துணிக்கையிலிருந்தும் ஓரிரு நனோமீற்றர் தூரத்தில் அயன்கள் நிற்கின்றன. அவற்றின் செறிவு இலத்திரன்களின் செறிவைவிட நூறு மடங்குக்கும் அதிகம். ஓர் இலத்திரன் உள்ளே வந்தால் அதற்கு ஈடான நேர் அயனொன்று பக்கத்தில் வந்து நின்று அதன் புலத்தை மறைத்துவிடுகிறது. இலத்திரன் நகர்ந்தால் அந்த ஏற்பாடும் கூடவே நகர்கிறது. திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீளும் புலம் ஒன்று நிலைப்பதற்கு வழியே இல்லை. இதுவரை சொன்னதில் இன்று கருத்து வேறுபாடு கிடையாது.

புலம் இல்லையென்றால் எஞ்சுவது செறிவு வேறுபாடு. கடத்தும் கண்ணாடி, வந்து சேரும் இலத்திரனை உடனே வெளிச்சுற்றுக்கு எடுத்துக்கொள்கிறது. அதனால் கண்ணாடியை ஒட்டிய இடத்தில் செறிவு குறைவாகவும் உள்ளே அதிகமாகவும் இருக்கிறது. தனி இலத்திரனுக்குத் திசை எதுவும் தெரியாது. அது முன்னே போகும், பின்னே வரும், பக்கத்துத் துணிக்கைக்கு நழுவும். கூட்டமாகப் பார்த்தால்தான் கண்ணாடிப் பக்கம் நிகர ஓட்டம் தெரியும். இதில் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 10 மைக்குரோமீற்றர் தடிப்பில் 20 நனோமீற்றர் துணிக்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் 500 துணிக்கைகள் வரும். நேரே நடந்தால் 500 அடி. இலக்கின்றி அலைந்து அதே தூரத்தைக் கடக்க 500இன் வர்க்கமளவு அடி வேண்டும், அதாவது இரண்டரை இலட்சம். ஓர் இலத்திரன் வெளியே வருவதற்குள் இலட்சக் கணக்கான தடவை துணிக்கை மாறுகிறது என்பது இந்த எளிய கணக்கிலிருந்தே வெளிப்படுகிறது.

அடிகள் அதிகம் என்பது மட்டும் இந்த மந்த வேகத்துக்குக் காரணமன்று. அனற்றேசு வகைத் தைத்தேனிய ஒட்சைட்டின் பெரிய ஒற்றைப் பளிங்கில் இலத்திரனின் பரவல் குணகம் (எவ்வளவு விரைவில் பரவுகிறது என்பதன் அளவு), அறை வெப்பநிலையில், செக்கனுக்கு ஏறத்தாழ அரைச் சதுர சென்ரிமீற்றர். மின்பகுபொருள் நிரம்பிய நுண்துளைத் திரையில், நல்ல வெயிலில்கூட அது பத்தாயிரத்தில் ஒரு பங்கு சதுர சென்ரிமீற்றர் அளவுக்கோ அதற்குக் கீழேயோ இறங்கிவிடுகிறது. மங்கிய ஒளியில் இன்னும் பல நூறு மடங்கு குறைகிறது. பாதை வளைந்து நெளிந்து போவதால் சில மடங்கு குறையலாம். ஆயிரக் கணக்கான மடங்கு குறைய முடியாது. அதிலும் ஒளியைக் கூட்டினால் குணகமும் கூடுகிறது என்பதை வளைந்த பாதையைக் காட்டி விளக்கவே முடியாது.

இதற்குப் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டுள்ள விளக்கம் பொறிகள். இலத்திரன் தடையின்றி நடமாடக்கூடிய சக்தி நிலைகளான கடத்தல் பட்டையின் அடியில், பட்டை இடைவெளிக்குள், இலத்திரன் விழுந்து தங்கக்கூடிய சக்தி நிலைகள் இருக்கின்றன. ஆழம் கூடக்கூட அவற்றின் எண்ணிக்கை அடுக்குக்குறி முறையில் குறைந்துகொண்டு போகிறது. விழுந்த இலத்திரன் வெப்ப அசைவால் மீண்டும் பட்டைக்கு ஏறும் வரை காத்திருக்க வேண்டும். ஆழமான பொறியென்றால் அந்தக் காத்திருப்பும் நீளம். எந்தக் கணத்தில் எண்ணினாலும் திரையிலுள்ள இலத்திரன்களில் மிகப் பெரும்பான்மை பொறிகளில்தான் கிடக்கின்றன. நடமாடுபவை ஒரு சிறு பங்கே. வெளிச்சம் கூடும்போது, எந்தச் சக்தி வரை நிலைகள் நிரம்பியுள்ளன என்பதைக் காட்டும் பேர்மி மட்டம் உயர்கிறது, ஆழமான பொறிகள் நிரம்பிய நிலையிலேயே இருந்துவிடுகின்றன, புதிதாக வருபவை ஆழமற்றவற்றில் மட்டும் விழுந்து எழும்பிப் போகின்றன. குன்றும் குழியுமான ஒழுங்கையில் மாரி மழையின் முதல் தண்ணீர் குழிகளிலேயே நின்றுவிடுவதும், குழிகள் நிரம்பிய பிறகு பெய்வது அவற்றுக்கு மேலாக ஓடிப்போவதும் போன்றது இது.

இதை எப்படி அளக்கிறோம் என்று சொன்னால் நம்புவதற்கு எளிதாக இருக்கும். ஒளியுமிழ் இருவாயி ஒன்றின் நிலையான வெளிச்சத்தின்மேல், அதன் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான சிறு அதிர்வை ஏற்றிக் கலத்தின்மீது விழவிடுவோம். அதிர்வு மெதுவாக இருக்கும்போது மின்னோட்டமும் கூடவே ஏறி இறங்கும். அதிர்வெண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் மின்னோட்டம் பின்தங்கத் தொடங்கும். அலையின் உயரமும் சுருங்கும். ஒளி மாறியதை வெளிச்சுற்று அறிய எடுக்கும் அந்தத் தாமதம்தான் இலத்திரன் திரையைக் கடக்கும் நேரம். நல்ல ஒளியில் அது சில மில்லிசெக்கன்கள். சாயத்திலிருந்து ஒட்சைட்டுக்குள் இலத்திரன் பாயும் நேரத்தையோ பிக்கோ செக்கனிலும் (செக்கனின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) அதிலும் ஆயிரம் மடங்கு சிறிய பெம்ரோ செக்கனிலும் அளக்கிறார்கள். ஒளியைக் குறைத்துவிட்டு அதே கலத்தை மறுபடி அளந்தால் வளைவு முழுவதும் குறைந்த அதிர்வெண் பக்கம் நகர்ந்து போயிருக்கும். பொறிகள் உண்மை என்று நம்ப எனக்கு அந்த நகர்வே போதும்.

மில்லிசெக்கன் என்பது குறைகடத்தி உலகில் ஒரு யுகம். அவ்வளவு நேரம் அலையும் இலத்திரனுக்கு ஆபத்து எங்கேயிருந்து வருகிறது? அயடைட்டு சாயத்துக்கு இலத்திரனைக் கொடுத்ததும் உருவாகி, துளைகளுக்குள் நிற்கும் மூவயடைட்டு அயனிடமிருந்து. இலத்திரனை இழந்த சாயத்தை அயடைட்டு விரைவில் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். அந்தப் பக்கம் பயம் குறைவு. மூவயடைட்டு மட்டும் எங்கும் சூழ்ந்து நிற்கிறது, வெளியே கால் வைத்த இலத்திரனைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் மூவயடைட்டு முழுதாகத் தாழ்த்தப்பட இரண்டு இலத்திரன் வேண்டும்; தாக்கம் பல படிகளில் நடக்கிறது; தைத்தேனிய ஒட்சைட்டின் பரப்பில் அது மிக மந்தம். பரவல் குணகத்தையும், இலத்திரன் பறிபடும் வரையுள்ள ஆயுளையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் பரவல் நீளம், அதாவது பறிபடுமுன் அது கடக்கக்கூடிய தூரம், வரும். பத்தாயிரத்தில் ஒரு சதுர சென்ரிமீற்றர், 40 மில்லிசெக்கன் என்று வைத்துக்கொண்டால் விடை 20 மைக்குரோமீற்றர். 10 மைக்குரோமீற்றர் திரைக்கு அது தாராளம். ஒளி குறையும்போது பரவல் மந்தமாகிறது, ஆயுளோ கிட்டத்தட்ட அதே விகிதத்தில் நீள்கிறது. அதனால்தான் சாயக் கலங்கள் அறை வெளிச்சத்திலும் சளைக்காமல் வேலை செய்கின்றன. அயடைட்டுக்குப் பதிலாக ஒற்றை இலத்திரன் மாற்றமுள்ள கோபாற்று சேர்மங்களைப் போட்டால் பறிப்பு விரைவாகிறது. 2011இல் 12 சதவீதத்தைக் கடந்த கோபாற்றுக் கலத்தில், அந்தச் சேர்மம் பரப்பை நெருங்கவிடாத பருத்த கிளைகளைச் சாயத்திலேயே பொருத்தியிருந்தார்கள். இலத்திரனை வேகப்படுத்துவது அவர்கள் முயற்சியின் மையமாக இருக்கவில்லை. பறிப்பவனைத் தூரத்தில் நிறுத்தினார்கள்.

இனி, இன்னும் தீராத பகுதி. பொறிகள் சரியாக எங்கே இருக்கின்றன? ஒட்சிசன் இடைவெளிகள் என்கிறார்கள், மேற்பரப்பில் அயலவர் குறைந்த தைத்தேனிய அணுக்கள் என்கிறார்கள், துணிக்கைகள் ஒட்டும் கழுத்துப் பகுதி என்கிறார்கள். துணிக்கையின் அளவை மாற்றி, உட்பரப்போடு பரவல் எப்படி மாறுகிறது என்று பார்த்த ஓர் ஆய்வுக் குழு, போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் பொறிகள் பெரும்பாலும் மேற்பரப்பில் உள்ளன என்ற முடிவுக்கு வந்தது. எனக்கு அந்த வாதம் வலுவாகப் படுகிறது. ஆனால் அளவை மாற்றும்போது பளிங்கின் தரமும் கூடவே மாறுவதால், வழக்கு முடிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பரவல் நீளத்துக்கு ஒரே எண் சொல்வதும் சந்தேகத்துக்குரியது. இழப்பு வேகம் இலத்திரன் செறிவுக்கு நேர்விகிதமாக இருந்தால்தான் அந்தக் கணக்கு துப்புரவாகப் பொருந்தும். உண்மைக் கலங்கள் பலவற்றில் அப்படி இல்லை. சிறு அதிர்வு முறை தரும் நீளமும், இரு பக்கமும் ஒளிபாய்ச்சி ஒப்பிடும் முறை தரும் நீளமும் ஒரே கலத்தில் பல மடங்கு வேறுபட்டு வந்ததுண்டு. ஆகவே கட்டுரையொன்றில் ‘பரவல் நீளம் 50 மைக்குரோமீற்றர்’ என்று கண்டால், எப்படி அளந்தார்கள் என்று முதலில் பாருங்கள்.

‘வேகம் கூடுமா’ என்ற உங்கள் ஆசை பெரிய ஆய்வகங்களுக்கும் இருந்தது. துணிக்கைக் குவியலுக்குப் பதிலாக நிமிர்ந்து நிற்கும் நாக ஒட்சைட்டு நனோ கம்பிகளை 2005இல் பயன்படுத்தினார்கள். பாதை நேரானது, பரப்பு போதாமையால் வினைத்திறன் 1.5 சதவீதத்தில் நின்றது. பிறகு தைத்தேனிய நனோ குழாய்கள் வந்தன. 2007இல் அவற்றைத் துணிக்கைத் திரையோடு ஒப்பிட்டு அளந்தபோது கடக்கும் நேரம் ஏறத்தாழ அதேதான்; பறிப்பு மட்டும் பத்து மடங்கு மெதுவாகியிருந்தது. நேரான பாதை நன்மை செய்தது உண்மை, எதிர்பார்த்த வழியில் அன்று. எங்கள் நாட்டிலும் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. வெள்ளீய ஒட்சைட்டின் பளிங்கில் இலத்திரன் தைத்தேனிய ஒட்சைட்டைவிடப் பல மடங்கு எளிதாக ஓடும். ஆனால் அதன் கடத்தல் பட்டை தாழ்வாக இருப்பதால் அழுத்தம் குறைவு. மூவயடைட்டும் இலத்திரனை விரைவில் பறித்துவிடும். தனியே வைத்துச் செய்த கலங்கள் ஏமாற்றமளித்தன. கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோன் குழுவினர் அதோடு நாக ஒட்சைட்டைச் சேர்த்து, தைத்தேனியக் கலங்களுக்கு ஈடுகொடுக்கும் கலங்களை 1990களின் இறுதியில் செய்துகாட்டினார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையில், திரவத்துக்குப் பதிலாகக் கடத்தும் பல்பகுதியத்தைத் தைத்தேனியத் துளைகளில் நிரப்பும் கலங்களைப் பற்றி ஆய்வு நடக்கிறது. அந்தக் கலங்களில் திரை ஒரு மைக்குரோமீற்றர்கூட இராது. பல்பகுதியம் ஆழமாக இறங்குவதும் கடினம், பறிப்பும் வேகம். இதைவிட வேடிக்கை 2012இல் நடந்தது. சாயத்துக்குப் பதிலாகப் பெரோவ்ஸ்கைற்று எனும் பளிங்குப் பொருள் ஒளியை உறிஞ்சும் கலமொன்றில் தைத்தேனிய ஒட்சைட்டை எடுத்துவிட்டு, இலத்திரனை ஏற்கவே ஏற்காத அலுமினிய ஒட்சைட்டை வெறும் தாங்குசட்டமாக வைத்தபோது இலத்திரன் பெரோவ்ஸ்கைற்று வழியாகவே ஓடியது, இன்னும் வேகமாக. வினைத்திறன் 10.9 சதவீதம்.

இனி உங்கள் கலத்துக்கு வருவோம், தம்பி. திரை தடிப்பானதும் மின்னோட்டம் குறைந்ததற்கு இலத்திரனின் மந்த வேகத்தைக் குற்றஞ்சாட்ட எனக்கு மனம் வரவில்லை. கலத்தைக் கையில் எடுத்துப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் சந்தேகப்பட வேண்டிய வரிசை இது. முதலில் வெடிப்பு. ஒரு பூச்சைச் சுடாமல் அதன்மேல் அடுத்ததைப் போட்டால், காயும்போது திரை சுருங்கி, காய்ந்த குளத்துச் சேறாட்டம் பிளக்கும் என்று சொல்வார்கள். சாய்வான வெளிச்சத்தில் உருப்பெருக்குக் கண்ணாடியால் பார்த்தால் தெரிந்துவிடும். பிளவுக்கு அப்பால் கண்ணாடியோடு தொடர்பற்று நிற்கும் தீவுகளில் எவ்வளவு இலத்திரன் பிறந்தாலும் கணக்கில் வராது. அடுத்தது தூள். ஹாட்வெயார் கடையில் வெள்ளைப் பெயின்ற்றுக்கு விற்கும் தைத்தேனியத் தூளா அது? அதன் துணிக்கைகள் 200 முதல் 300 நனோமீற்றர் வரை இருக்கும். ஒளியைச் சிதறடிப்பதற்காகவே செய்யப்பட்டவை அவை; சாயம் ஒட்டும் பரப்பு பத்தில் ஒரு பங்குதான். மூன்றாவது சாயம். செவ்வரத்தையின் அந்தோசயனின் தைத்தேனிய அணுவோடு நன்றாகவே பிணைகிறது, ஆனால் கலம் தரும் மின்னோட்டத்தில், ஆய்வகங்கள் பயன்படுத்தும் உருத்தேனியச் சாயத்துக்குப் பக்கத்தில் நிற்காது. இந்த மூன்றும் சரியென்றால்தான் தடிப்பின் சொந்தக் குறை வெளியே தெரியும். ஒளியில் பெரும்பகுதி முதற் சில மைக்குரோமீற்றரிலேயே உறிஞ்சப்பட்டுவிட்டால், மேலதிகத் தடிப்பு புதிய இலத்திரனைத் தராது. பறிப்புக்கான பரப்பை மட்டும் கூட்டும். அதே எண்ணிக்கை இலத்திரன் பெரிய கன அளவில் ஐதாகப் பரவுவதால் பேர்மி மட்டம் தாழ்ந்து அழுத்தமும் இறங்கும்.

துளைகளைக் குறைப்பது பற்றி. திரையில் பாதிக்குச் சற்று மேல், 50 முதல் 60 சதவீதம் வரை, வெற்றிடமாக இருப்பது வழக்கம். அதைவிடக் கூட்டினால் ஒவ்வொரு துணிக்கைக்கும் அயலவர் குறைந்து, முட்டுச்சந்துகள் பெருகி, பரவல் இன்னும் மந்தமாகும். மிகவும் குறைத்தால் சாயமும் மின்பகுபொருளும் உள்ளே போக வழியிராது. ஆகவே துளையை விட்டுவிட்டுச் சூட்டைக் கவனியுங்கள். செலோரேப் ஒட்டிக் கண்ணாடிக் கோலால் இழுத்த பசையை மெதுவாகச் சூடாக்கினால், பிணைப்புக்காகச் சேர்த்த கரிமப் பொருள் கருகித் திரை முதலில் பழுப்பாகும். பிறகு 450 பாகை செல்சியசை அண்டி, பழுப்பு ஓரங்களிலிருந்து மறைந்து முழுவதும் மீண்டும் வெள்ளையாகும். அந்தச் சூட்டில் அரை மணி நேரம் வைத்தால்தான் துணிக்கைகளுக்கு இடையில் கழுத்துகள் உருவாகும். பழுப்பு மிஞ்சியிருக்கும்போதே அடுப்பை நிறுத்தினால் துணிக்கைகள் தொட்டுக்கொண்டிருக்கும், இணைந்திருக்கமாட்டா. ஒரே பூச்சு, முழுச் சூடு, பிறகு கை பொறுக்காத சூடு இருக்கும்போதே சாயத்தில் இறக்குதல்: எங்கள் மாரிக்கால ஈரக்காற்றில் ஆறவிட்டால் துளைகளில் சாயத்துக்கு முன் நீராவி குடியேறிவிடும்.

மின்பகுபொருள் ஊற்றிய பின் ஒரு சோதனை செய்யலாம். அதற்கு மல்ரிமீற்றர் ஒன்றே போதும். வெளிச்சுற்று எதையும் இணைக்காமல், கலத்தை வெயிலில் வைத்துத் திறந்த சுற்று அழுத்தம் நிலைக்கும் வரை காத்திருங்கள். பிறகு சட்டென்று கறுத்த துணியால் மூடி, எண் இறங்குவதைக் கைத்தொலைபேசியில் படம்பிடியுங்கள். வெளியே போக வழியில்லாத நிலையில் அழுத்தம் இறங்குவதற்கு ஒரே காரணம் பறிப்பு. மெல்லிய திரைக்கும் தடித்த திரைக்கும் இதைச் செய்து இரண்டு வளைவுகளையும் ஒரே தாளில் வரையுங்கள். இரண்டுமே நொடியில் சரிந்தால், கடத்தும் கண்ணாடியின் வெறும் பரப்பை மின்பகுபொருள் நேரே தொடுகிறது என்று சந்தேகியுங்கள். திரைக்கு அடியில் அடர்த்தியான மெல்லிய ஒட்சைட்டுப் படலம் ஒன்று அதற்கு மருந்து. தடித்த திரையின் வளைவு சில செக்கன்கள் ஆறுதலாக இறங்கி, மின்னோட்டம் மட்டும் குறைவாக இருந்தால், பறிப்பின் மேல் பழி போட முடியாது. வெடிப்பையும் சாயத்தையும் திரும்பப் பாருங்கள். வளைவுகளைப் பதிவிட்டால், பூச்சின் தடிப்பையும் எந்தத் தூள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவை இல்லாமல் யாராலும் அவற்றை வாசிக்க முடியாது.